பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை அன்றாடம் ஓட்டலாமா? கேள்வி-பதில்

பிரித்தானியாவில் வாழும் வாசகர்களின் கேள்விகளில் ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே விடையளித்திருக்கிறேன். வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் காரைப் பற்றியல்ல, தினமும் வேலைக்குப் போய்வரும் காரைப் பற்றியே எல்லாரும் கேட்டிருப்பதால், குதிரைத்திறனைவிடத் துருவும் வரியும் காப்பீடும் அதிக இடம் பிடித்துக்கொண்டன.

கேள்வி: ஹாரோவிலிருந்து ஸ்லௌவுக்குத் தினமும் வேலைக்குச் செல்கிறேன். கையில் 5,000 பவுண்டு இருக்கிறது. மடங்கும் கூரையுடைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்க ஆசை. எந்தத் தலைமுறை காரை வாங்குவது?

உங்கள் முகவரியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. லண்டனின் மாசுக் கட்டண வலயம் 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா உள்ளாட்சிப் பகுதிகளையும் உள்ளடக்கிவிட்டதால், யூரோ 4 எனும் ஐரோப்பிய மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்தை எட்டாத பெட்ரோல் காரை ஹாரோவில் வைத்து ஓட்டினால், ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். ஆண்டுக்கு 230 வேலைநாள் என்று கணக்கிட்டாலே அது 2,875 பவுண்டு ஆகிறது. பொதுவாக 2006 முதல் பதிவான பெட்ரோல் கார்கள் இந்தத் தரத்தை எட்டியவை. அதற்கு முந்தைய சிலவும் எட்டியிருக்கும் என்பதால், எந்தக் காரைப் பார்க்கப் போவதற்கு முன்பும் அதன் பதிவெண்ணை லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் இணையப் பக்கத்தில் இட்டுப் பாருங்கள்.

1989இல் வெளிவந்த, முகப்பு விளக்குகள் மேலெழுந்து மடங்கும் முதல் தலைமுறை இப்போது சேகரிப்பாளர்களின் கைக்குப் போய்விட்டது. 1998 முதல் 2005 வரையிலான இரண்டாம் தலைமுறை ஓட்டுவதற்கு மிக இனிமையானது, எளிய இயந்திரம் கொண்டது. ஆனால் முன்பக்க அடிச்சட்டங்கள் இரட்டைத் தகடுகளாக இருப்பதால் அவற்றுக்கிடையே ஈரம் தங்கி உள்ளிருந்தே அரித்துவிடும். லண்டனுக்கு வெளியே வாழ்பவர், அந்தச் சட்டங்களை ஒருவர் ஒழுங்காக வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்திருந்தால், அதைத் தயங்காமல் வாங்கலாம். உங்களுக்கு 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறைதான் பொருத்தம். இயந்திரத்தின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால் ஒரு பெரிய செலவு குறைகிறது. 2006 முதல் கிடைக்கும் மடங்கும் கடினக்கூரை வகையும், தெருவில் நிறுத்துபவருக்கு நிம்மதி தரும்.

எந்தத் தலைமுறையானாலும் இருக்கைகளுக்குப் பின்னே இரு மூலைகளிலும் உள்ள வடிகால் துளைகளை முதலில் பாருங்கள். கூரையில் விழும் மழைநீர் அந்தக் குழாய்கள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. இலைச்சருகு அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டமும் பின்சக்கர வளைவும் சேர்ந்து துருப்பிடிக்கும். பதிவெண்ணை வைத்து, ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி.யின் வரலாற்றை அரசின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். தேர்ச்சி பெற்றதா என்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வோராண்டும் சோதனையாளர் எழுதிய எச்சரிக்கைக் குறிப்புகளை வரிசையாகப் படியுங்கள். மூன்றாண்டுகள் "துரு" என்று வந்த குறிப்பு நான்காம் ஆண்டு காணாமற்போய், அடிப்பகுதியில் புதுக் கறுப்புப் பூச்சும் மின்னினால், அந்தப் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்பதில் தவறில்லை. 5,000 பவுண்டையும் காருக்கே கொடுத்துவிட வேண்டாம். நான்காயிரத்துக்குள் வாங்கி, மீதியை டயர், பிரேக், சஸ்பென்ஷன் ரப்பர்களுக்காக வைத்திருங்கள். அவை முதல் ஆண்டிலேயே கேட்கும்.

கேள்வி: மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இவ்வளவு மலிவாகக் கிடைக்கக் காரணம் என்ன? பிள்ளைகளைப் பள்ளியில் விட மூன்று மைல் போய்வர வேண்டும். நான்கு இருக்கைகள் இருப்பதால் என் கணவர் அதையே விரும்புகிறார்.

காரின் அமைப்பு அருமையானது என்பதை உங்கள் கணவருக்காக முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஸ்டியரிங்கும் எடைச் சமநிலையும் அதன் காலத்துக் கார்களில் மிகச் சிறந்தவற்றுள் அடங்கும். பின்கதவுகள் எதிர்த்திசையில் திறப்பதால் பிள்ளைகள் ஏறி இறங்கவும் வசதியே. மலிவுக்குக் காரணம் இயந்திரம்.

வழக்கமான பிஸ்டன்களுக்குப் பதிலாக 654 சிசி கொள்ளளவுடைய இரண்டு அறைகளில் முக்கோண ரோட்டார்கள் சுழல்கின்றன. அவற்றின் முனைகளில் உள்ள சீல்கள் அறையின் சுவரை உரசிக்கொண்டே செல்வதால், அவை தேயாமலிருக்க ஒரு சிறு பம்ப் எண்ணெயை அளந்து உள்ளே செலுத்துகிறது. ஆகவே இந்தக் கார் எண்ணெய் குடிப்பது பழுதல்ல, அமைப்பே அப்படி. பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் எண்ணெய் அளவையும் பார்க்காதவர் இதை வைத்திருக்கக் கூடாது. இன்னொன்று, குளிர்ந்த இயந்திரத்தை இயக்கி, சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் உள்ளே பெட்ரோல் தேங்கி ஸ்பார்க் பிளக்குகள் நனைந்து, அடுத்த முறை இயங்க மறுக்கும். மூன்று மைல் பள்ளிப் பயணம் இந்த இயந்திரத்துக்கு மிகக் கெட்ட வேலை. உங்கள் வீட்டுக்கு இது வேண்டாம்.

நெடுஞ்சாலையில் நாள்தோறும் முப்பது நாற்பது மைல் செல்லும் வேறொருவர் வாங்க நினைத்தால், காரை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, அணைத்து, சில நிமிடங்கள் கழித்து மறுபடி இயக்கிப் பார்க்கட்டும். நீண்ட நேரம் திணறினால் சீல்கள் தேய்ந்து அழுத்தம் குறைந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். உறுதிப்படுத்த, இந்த வகை இயந்திரத்துக்கென்றே உள்ள கருவியால் அழுத்தச் சோதனை செய்யும் நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும். சாதாரணக் கருவி ஒவ்வொரு ரோட்டாரின் மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டாது. சோதனைக்கு விற்பவர் மறுத்தால் திரும்பி வந்துவிடலாம், ஏனெனில் இயந்திரத்தைப் புதுப்பிக்கும் செலவு பல வேளைகளில் காரின் விலையையே தாண்டிவிடும்.

கேள்வி: ஒரே நிறம், ஏறத்தாழ ஒரே தூரம் ஓடிய இரண்டு நிசான் 350இசட் கார்களில், 2005ஆம் ஆண்டுக் காரைவிட 2007ஆம் ஆண்டுக் கார் மலிவாக இருக்கிறது. ஏதாவது சூழ்ச்சியா?

சூழ்ச்சி சாலை வரியில் இருக்கலாம். புகை வெளியீடு மிகுந்த கார்களில், 2001 மார்ச் முதல் 2006 மார்ச் 23க்கு முன்பு வரை பதிவானவற்றுக்கு வரியின் உச்சவரம்பு 'கே' பிரிவோடு நின்றுவிடுகிறது. அதன் பின் பதிவானவை உச்சியிலுள்ள 'எம்' பிரிவுக்குப் போகின்றன. முதலாவதற்கு ஆண்டுக்கு 400 பவுண்டுக்குச் சற்று மேல், இரண்டாவதற்கு 700ஐத் தாண்டும். 2007 முதல் வந்த இயந்திரம் 313 குதிரைத்திறன் தருவது என்பதால் ஆசை வருவது இயல்புதான். ஆனாலும் தினசரி நெரிசலில் அந்தக் கூடுதல் திறனை எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்று தெரியவில்லை. நான் 2005ஆம் ஆண்டுக் காரையே எடுப்பேன்.

கேள்வி: டொயோட்டா எம்ஆர்2 மூன்றாம் தலைமுறையின் இயந்திரம் "தன்னைத்தானே தின்றுவிடும்" என்கிறார்களே?

மிகைப்படுத்திச் சொல்லப்பட்டாலும் அடிப்படை உண்மைதான். இயந்திரத்துக்கு மிக அருகே, வெளியேற்றக் குழாயின் தலைப்பிலேயே புகையைத் தூய்மையாக்கும் சிறிய முன்வினையூக்கிகள் இரண்டு உள்ளன. முற்பட்ட கார்களின் பிஸ்டன்களில் எண்ணெய் திரும்பிச் செல்லும் துளைகள் போதாமையால் எண்ணெய் எரிகிறது. எரிந்த எண்ணெய் அந்த வினையூக்கிகளைக் கெடுக்கிறது. அவற்றின் பீங்கான் நொறுங்கி, அந்தத் தூள் உருளைகளுக்குள் திரும்ப இழுக்கப்பட்டுச் சுவரைக் கீறுகிறது. பின்னர் டொயோட்டா பிஸ்டன்களைத் திருத்தியதால், ஆறு கியர்களோடு 2003 அளவில் வந்த கார்களில் அச்சம் குறைவு. பழையதைப் பார்க்கப் போனால், எண்ணெய் அளவுகோலை நீங்களே எடுத்துப் பாருங்கள். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வருகிறதா என்று பின்னால் வருபவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். பின்பக்க அடிச்சட்டத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

இதில் டிக்கி கிடையாது. இருக்கைகளுக்குப் பின்னே ஒரு பெட்டியும், முன்னால் உபரிச் சக்கரத்தோடு கொஞ்சம் இடமும்தான். வாரச் சந்தைக்கு இதில் போகிறவர் அரிசி மூட்டையைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துப் பட்டி போட வேண்டியிருக்கும்.

கேள்வி: இரண்டு பிள்ளைகள், ஒரே கார். என்ன செய்வது?

ஹோண்டா சிவிக் டைப்-ஆர், 2001 முதல் 2005 வரை வந்தது. பெயர் ஜப்பானியமாயினும், 2021இல் மூடப்பட்ட ஸ்விண்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 200 குதிரைத்திறன், முழு அளவுப் பின்னிருக்கை, பெரிய பின்கதவு. ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கிறதா, ஸ்டியரிங்கில் தட்டும் ஒலி வருகிறதா என்று கவனியுங்கள். அதே காலத்து டொயோட்டா செலிகாவும் நல்லதே. ஆனால் அதன் பின்னிருக்கை சிறு பிள்ளைகளுக்கு மட்டுமே போதும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியான காரில் துரு இருக்காது என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை, ஆனால் எப்போதும் அல்ல. அங்கே தனியார் கார்களுக்கு முதல் மூன்றாண்டுக்குப் பிறகு இரண்டாண்டுக்கொருமுறை செலவு மிகுந்த சோதனை உண்டு என்பதால், பலர் நல்ல நிலையிலேயே விற்றுவிடுகிறார்கள். எனினும் ஹொக்கைடோ போன்ற பனி மிகுந்த பகுதிகளில் சாலைக்கு உப்பு போடுகிறார்கள். ஜப்பானிய ஏலத்தில் காரைச் சோதித்து எழுதிய ஏலத்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்: 'ஆர்' என்ற தரம் விபத்துக்குப் பின் பழுதுபார்த்ததைக் குறிக்கும், காரின் படத்தின்மீது 'எஸ்' என்ற எழுத்து துருவையும், 'சி' அரிப்பையும் காட்டும். ஜப்பானிய உள்நாட்டுக் கார்களுக்கு அடிப்பூச்சு குறைவாகவே இருக்கும் என்பதால், இங்கே முதல் குளிர்காலம் வருமுன் அடிப்பகுதியைச் சுத்தம் செய்து மெழுகுப் பூச்சு இடுவது கட்டாயம். காப்பீட்டு விலையைக் காரை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்; சில நிறுவனங்கள் இறக்குமதிக் காரை ஏற்பதே இல்லை.

கேள்வி: எனக்கு 23 வயது. நிறைய மாற்றங்கள் செய்த கார் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். சஸ்பென்ஷன், சக்கரம், புகைக்குழாய் என ஒவ்வொரு மாற்றத்தையும் காப்பீட்டாளரிடம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் விபத்தின்போது இழப்பீட்டை மறுக்க அவருக்கு வழி கிடைத்துவிடும். பழைய கார்களுக்கான மலிவுக் காப்பீடுகளும் உங்களுக்கு உதவாது, ஏனெனில் அவற்றில் பல வேலைக்குச் சென்று வருவதைச் சேர்ப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும், ஒரே கையில் நீண்ட நாள் இருந்த, நான்கு டயர்களும் ஒரே நல்ல நிறுவனத்தினவாக உள்ள காரைத் தேடுங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். அந்த ஆண்டும் பராமரிப்புப் புத்தகத்தின் கடைசிப் பதிவும் ஏழெட்டு ஆண்டு பழையவையாக இருந்தால், விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது அடுத்த காரைப் பார்க்கப் போங்கள்.