வாசகர் கேள்வி பதில்: சாமி பயம் இல்லாத பையனுக்கு பொண்ணு குடுக்கலாமா?

கேள்வி: என் மூத்த பொண்ணு கூட வேலை பாக்குற ஒரு பையனைக் கட்டிக்கணும்னு சொல்றா. நல்ல குடும்பம், குடி சிகரெட் எதுவும் இல்ல. ஆனா சாமி நம்பிக்கை சுத்தமா கிடையாது, திருநீறு குடுத்தா மரியாதைக்கு கையில வாங்கிக்குவான், பூசிக்க மாட்டான். என் வீட்டுக்காரர் "சாமி பயம் இல்லாதவன் நாளைக்கு எதுக்கும் துணிவான்"னு ஒத்தக்கால்ல நிக்கிறார். எனக்கும் மனசு கெடந்து அடிச்சுக்குது.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, உங்க வீட்டுக்காரர் மட்டும் இல்ல, நம்ம நாட்டுல முக்காவாசிப் பேருக்கு மேல இப்படித்தான் நினைக்கிறாங்க. 2019ல அமெரிக்காவோட பியூ ஆய்வு மையம் 34 நாட்டுல "ஒழுக்கமா இருக்கணும்னா கடவுள் நம்பிக்கை வேணுமா"ன்னு கேட்டப்போ இந்தியாவுல நூத்துக்கு 79 பேர் ஆமான்னாங்க, ஸ்வீடன்ல 9 பேர்தான். அதுக்காக ஸ்வீடன்காரங்க எல்லாம் திருட்டும் புரட்டுமாவா வாழறாங்க?

இந்த பயம் எவ்வளவு ஆழமா ஊறியிருக்குன்னு 2017ல வந்த ஒரு ஆய்வைப் பாருங்க, 13 நாடு, அதுல இந்தியாவும் உண்டு. சின்ன வயசுல மிருகங்களை சித்திரவதை பண்ணி, பெரியவனானதும் வீடில்லாதவங்களைக் கொன்னவன்னு ஒருத்தனைப் பத்தி சொல்லிட்டு அவன் எப்படிப்பட்டவனா இருப்பான்னு கேட்டா, சாமி இல்லைங்கறவனாத்தான் இருப்பான்னு ஜனங்க மனசு சாயுது. இதுல கொடுமை என்னன்னா நாத்திகர்களே கூட அப்படித்தான் நினைச்சாங்க. அதனால உங்களுக்கு வர்ற பயம் அந்தப் பையனைப் பாத்து வந்தது இல்லம்மா, எல்லார் மனசுலயும் ஏற்கனவே குந்தியிருக்கிற பயம் அது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல ஆமிஷ், மென்னொனைட்னு ரொம்பக் கட்டுப்பாடான கிறிஸ்தவ சமூகங்கள் இருக்கு, அந்தப் பிள்ளைங்ககிட்ட லேரி நூச்சின்னு ஒரு ஆராய்ச்சியாளர் போய், "ஞாயித்துக்கிழமை வேலை செய்யக்கூடாதுன்னு பைபிள்ல இல்லவே இல்லன்னு வச்சுக்கோ, அப்ப செஞ்சா தப்பா?"ன்னு கேட்டார், பெரும்பாலான பிள்ளைங்க அப்ப தப்பில்லன்னுச்சுங்க. சரி, திருடக்கூடாதுன்னு எழுதலன்னா? சும்மா ஒருத்தனை அடிக்கக்கூடாதுன்னு எழுதலன்னா? அப்பவும் தப்புதான்னுச்சுங்க. கடவுளே திருடச் சொன்னா சரியாயிடுமான்னு கேட்டதுக்கும் பெரும்பாலும் இல்லன்னுதான் பதில், யூதக் குழந்தைங்ககிட்ட கேட்டப்பவும் இதே கதைதான். சாமியே கதின்னு வளர்ற வீட்டுப் பிள்ளைக்கே, இன்னொருத்தனுக்கு வலிக்கும்ங்கறதாலதான் அடிக்கிறது தப்புன்னு தெரியுது பாருங்க. அந்த அறிவுக்கு திருநீறு வேண்டியதில்ல. ருத்ராட்சம் போட்டவனுக்கும் அது தானா வந்துடாது.

அதனால பையன் கோபத்துல எப்படி பேசறான், கையில காசு இல்லாதப்போ எப்படி நடந்துக்கறான், அவங்கம்மாவை எப்படி வச்சிருக்கான், ஓட்டல்ல சப்ளை பண்ற தம்பியை வா போன்னு விரட்டறானா, இதையெல்லாம் விசாரிங்க. உங்க பொண்ணு கோயிலுக்குப் போறதை அவன் தடுப்பானான்னு நேராவே கேட்டுடுங்க, அது கேக்க வேண்டிய கேள்வி. பூசிக்கலன்னாலும் கையில வாங்கிக்கிறானே, அந்த மரியாதை எனக்குப் பெருசாத் தெரியுது.

கேள்வி: ஆண்டவன் சொன்னதுதானே நியாயம்? அதை விட்டா ஆளாளுக்கு ஒரு நியாயம் பேச மாட்டாங்களா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆண்டவன் பேரைச் சொல்லியே ஆளாளுக்கு ஒரு நியாயம் பேசியிருக்காங்களே ஐயா, அதுவும் உங்க ஊர்லயே. 1939 ஜூலை 8ம் தேதி காந்தியவாதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போனார், அவரும் சாமி கும்பிடறவர்தான். அதை எதிர்த்து கொதிச்சவங்களும் அதே மீனாட்சியைக் கும்பிட்டவங்கதான், ரெண்டு பக்கமும் சாஸ்திரம் பேசினாங்க. அமெரிக்காவுல அடிமைமுறைச் சண்டையில 1845ல அடிமை வச்சிருக்கலாம்னு நின்ன தெற்கு பாப்டிஸ்ட்ங்கற கிறிஸ்தவ சபை தனியாவே பிரிஞ்சு போச்சு, அப்படி நின்னதுக்கு மன்னிப்பு கேக்க 1995 வரைக்கும் ஆச்சு. ரெண்டு பக்கமும் கையில அதே பைபிள்.

2009ல நிக்கோலஸ் எப்ளிங்கற உளவியல் ஆராய்ச்சியாளரோட குழுவினர் நம்பிக்கை உள்ள ஆளுங்களையே கூப்பிட்டு மரண தண்டனைக்கு ஆதரவாவும் எதிர்ப்பாவும் பேச வச்சுப் பாத்தாங்க, பேசப்பேச அவங்க கருத்து கொஞ்சம் நகர்ந்துச்சு, கூடவே "கடவுளோட கருத்து என்ன"ன்னு அவங்க சொன்னதும் அதே பக்கம் நகர்ந்துடுச்சு! நம்ம மனசுல இருக்கறதைத்தான் பாதி நேரம் சாமி வாயில வைக்கிறோம்னு எனக்குத் தோணுது. அதுக்காக நம்பிக்கையே வேண்டாம்னு சொல்ல வரல. வைத்தியநாத ஐயருக்கு அவ்வளவு எதிர்ப்பையும் தாங்கற தெம்பு பக்தியில இருந்தும்தான் வந்திருக்கும், அதை நான் மதிக்கிறேன்.

கேள்வி: எங்க அண்ணன் வருஷா வருஷம் மாலை போட்டு சபரிமலை போறார். எழுபது தாண்டின அம்மாவுக்கு மருந்துச் செலவுக்கு பத்து பைசா தர்றதில்ல. பக்தி மனுஷனை மாத்தாதா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: 1973ல அமெரிக்காவுல பாதிரியாருக்குப் படிக்கிற 40 பேரை வச்சு ஒரு சோதனை வெளியாச்சு. வழியில அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவின, பைபிள்ல வர்ற நல்ல சமாரியன் கதையைப் பத்திப் பேசப் போறவங்களும் அதுல இருந்தாங்க, போற வழியில ஒருத்தன் இருமிக்கிட்டு சுருண்டு கிடந்தான். நேரமாச்சு ஓடுன்னு விரட்டி அனுப்பினவங்கள்ல பத்துல ஒருத்தர்தான் நின்னார், அவகாசம் இருந்தவங்கள்ல பாதிக்கு மேல நின்னாங்க. என்ன கதை பேசப் போறாங்கங்கறது பெருசா வித்தியாசம் பண்ணல.

உங்க அண்ணன் விரதத்துல காட்டற கட்டுப்பாடு பொய்யில்லங்க, ஆனா அந்தக் கட்டுப்பாட்டுக்கும் அம்மா மருந்துக்கும் அவர் மனசுல முடிச்சு விழல. அடுத்த தடவை மாலை போடறப்போ குருசாமியை வச்சு நேரா பேசிப் பாருங்க, அவர் வார்த்தைக்கு உங்க அண்ணன்கிட்ட மதிப்பு இருக்கும். கேக்கலன்னா 2007ம் வருஷத்து பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கு, கோட்டாட்சியர் ஆபீஸ்ல அம்மா பேர்ல மனு குடுக்கலாம், வக்கீல் தேவையில்ல.