நீலத் துப்பாக்கிக்குக் கறுப்பு அடித்தால் குற்றமா?

கேள்வி: ஐயா, நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயதாக இருந்தபோது பிறந்தநாளுக்கு நீல நிற ஏர்சாஃப்ட் துப்பாக்கி (சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது அவனுக்கு 18 முடிந்துவிட்டது. நண்பர்களோடு இரண்டு தடவை ஏர்சாஃப்ட் மைதானத்துக்குப் போய் விளையாடியிருக்கிறான். போன வாரம் கராஜில் வைத்து அதற்குக் கறுப்பு ஸ்ப்ரே அடித்துவிட்டான். முனையில் மட்டும் ஆரஞ்சு விட்டிருக்கிறான், அது போதும் என்கிறான். சொந்தக்காரர் ஒருவர் இது ஜெயிலுக்குப் போகிற வேலை என்று சொல்லிவிட்டார். இரவில் தூக்கம் இல்லை. படம் இணைத்திருக்கிறேன். திரும்ப நீலம் அடிக்கவா, விற்றுவிடவா?

பதில்: முதலில் மனதை ஆறவிடுங்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்ததில் தவறில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர் போலித் துப்பாக்கியை விலைக்கு வாங்குவதும், அவருக்கு ஒருவர் விற்பதும்தான் குற்றம். தகப்பன் வாங்கிப் பரிசாகக் கொடுப்பது அதில் வராது. வீட்டில் வைத்திருப்பதும் குற்றமல்ல.

சிக்கல் அந்த ஸ்ப்ரே டப்பாவில்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டத்தில் 36-வது பிரிவு என்று ஒன்று உண்டு. அசல் போலவே தோன்றும் போலித் துப்பாக்கியைச் செய்வது, விற்பது, பிரிட்டனுக்குள் கொண்டுவருவது ஆகியவற்றோடு, சாதாரணப் போலியை அசல் போல மாற்றுவதையும் அது குற்றமாக்குகிறது. உங்கள் மகன் செய்தது இந்தக் கடைசி வகை. சொந்தத் துப்பாக்கி, சொந்தக் கராஜ் என்பது பதில் ஆகாது.

ஆரஞ்சு முனை அமெரிக்க விதி. பிள்ளைகள் அங்கிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அதுதான் சட்டம் என்று நம்பிவிடுகிறார்கள். பிரிட்டனில் கேட்கப்படுவது துப்பாக்கியின் பிரதான நிறம் என்ன என்பது. பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, ரோஸ், ஊதா, நீலம் என்று 7 நிறங்களை அசல் போலத் தோன்றாத நிறங்களாக 2007-இல் வந்த விதிகள் சொல்கின்றன. உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கும் சரி. பிரதான நிறம் என்றால் எத்தனை சதவீதம்? சட்டம் எண் சொல்லவில்லை. பாதிக்கு மேல் என்பது கடைக்காரர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. அதனால் அரைகுறையாக அடித்த துப்பாக்கி எந்தப் பக்கம் விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

உங்கள் மகனுடையது அந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விசைக்கு உள்பக்கம் ஒரு நகக்கீறு அளவு நீலம், ஒரு திருகாணியின் பள்ளத்தில் ஒரு பொட்டு நீலம், முனையில் அந்த ஆரஞ்சு வளையம். மற்றதெல்லாம் மங்கல் கறுப்பு. மிக அருகில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்றால் அதை வித்தியாசமாகக் கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இருட்டில் கூப்பிட்டு வரும் ஆயுதப் பொலிஸுக்கு அந்த நகக்கீறு தெரியப்போவதில்லை. என் பயமும் அதுதான். வழக்கெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, அப்படியானால் மகன் குற்றவாளியா? இங்கேதான் உண்மையான மங்கல் இருக்கிறது. நாடகம், சினிமா, அருங்காட்சியகம், வரலாற்றுப் போர்க்காட்சி இவற்றுக்காகச் செய்தால் சட்டம் விலக்குத் தருகிறது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுத்து நடத்தப்படும் ஏர்சாஃப்ட் ஆட்டங்களுக்கும் அந்த விலக்கு உண்டு. கடைகளில் கேட்கும் யூகாரா (UKARA, ஏர்சாஃப்ட் விற்பனையாளர் சங்கம்) பதிவை எல்லோரும் லைசன்ஸ் என்று நினைக்கிறார்கள். அது விற்பனையாளர்கள் தங்கள் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் பட்டியல். அதில் சேர 18 வயது ஆக வேண்டும், 56 நாளுக்குக் குறையாத காலத்தில் 3 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். சட்டத்தில் அந்த 3 என்ற எண் எங்கேயும் இல்லை. எதற்காக நிறம் மாற்றினான் என்பதுதான் கேள்வி. மைதான ஆட்டத்துக்காகத்தான் என்று போதிய ஆதாரத்தோடு அவன் எழுப்பினால், அது பொய் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இரண்டே ஆட்டம் என்பது மெலிந்த ஆதாரம்தான். ஆனாலும் ஆதாரம். மைதானத்தின் பதிவு மின்னஞ்சல், பணம் கட்டிய ரசீது, அடுத்த ஆட்டத்துக்குப் பேசிக்கொண்ட செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். இன்ஸ்டாகிராமில் போடத்தான் கறுப்பு அடித்தான் என்றால் அந்த விலக்கு நிற்காது. இதை மகனிடம் சத்தம் போடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதுவரை பொலிஸ் உங்களைத் தொடர்புகொள்ளவில்லை என்றால் பளிச்சென்ற நீலத்தையே மேலே அடித்துவிடுங்கள். தின்னர் போட்டுத் துடைக்கப் போனால் பிளாஸ்டிக் இளகக்கூடும். திரும்ப அடிப்பதால் நடந்தது இல்லாமல் போகாது. ஆனால் வழக்குத் தொடர்வதில் பொதுநலன் உண்டா என்று பார்க்கிறவர்களுக்கு அது நல்ல அடையாளம். பொலிஸ் ஏற்கெனவே விசாரித்திருந்தால் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம், உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கறுப்பாக இருக்கும்போது விற்காதீர்கள், அது தனிக் குற்றம்.

அப்புறம், நீலமோ கறுப்போ, நியாயமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் கையில் வைத்திருந்தால் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் 19-வது பிரிவில் 12 மாதம் வரை சிறை. மைதானத்துக்குப் போவது நியாயமான காரணம். அப்போதும் பையில் போட்டு, காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுபோகட்டும். வழியில் கடையில் இறங்கி நண்பனுக்கு எடுத்துக் காட்டுவது காரணம் ஆகாது.

என்றாவது மகனைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்தால், "நல்ல பிள்ளை, உள்ளதைச் சொல்லட்டும்" என்று தனியாக அனுப்பிவிடாதீர்கள். நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. அங்கே சட்ட ஆலோசனை இலவசம், உங்கள் வருமானத்தை யாரும் கேட்கமாட்டார்கள். வழக்கறிஞர் வந்து சேரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.