லண்டன் – நியூயார்க்: போக 8 மணி, திரும்ப 7 மணி ஏன்?

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் 5,540 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்றால் ஆறேகால் மணி நேரம் போதுமே. டிக்கெட்டில் போக 8 மணி, திரும்ப 7 மணி என்று இருப்பது ஏன்?

பதில்: 900 என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருக்கிறது. வட அட்லாண்டிக்கில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், விமானம் பறக்கும் மட்டத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது. வடக்கின் குளிருக்கும் தெற்கின் வெப்பத்துக்கும் வித்தியாசம் கூடும் குளிர்காலத்தில் அதன் வேகமும் கூடும்.

வழிநெடுகச் சராசரியாக மணிக்கு 100 கி.மீ. காற்று என்று வைத்துக் கணக்கிடுங்கள். போகும்போது தரைவேகம் 800. 6 மணி 56 நிமிடம் ஆகும். திரும்பும்போது 1,000, 5 மணி 32 நிமிடம். கூட்டினால் 12 மணி 28 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 19 நிமிடம்தான். எதிர்காற்றில் பறக்கும் நேரம் அதிகம் என்பதால், அங்கே இழந்ததைப் பின்காற்று முழுதாக ஈடுகட்டுவதில்லை.

அதனால்தான் தடமே அன்றாடம் மாறுகிறது. கனடாவின் காண்டர், பிரிட்டன்–அயர்லாந்தின் ஷான்விக் ஆகிய கட்டுப்பாட்டு மையங்கள் காற்றைப் பார்த்துத் தடங்களை வகுக்கின்றன. மேற்கே போகும் விமானம் ஜெட் காற்றை ஒதுங்கிப் போகும்; கிழக்கே வருவது அதற்குள் புகுந்து வரும். ஒதுங்குவதில் தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்.

மீதி நேரம் தரையிலும் இறங்கக் காத்திருப்பதிலும் போகிறது. டிக்கெட் நேரம், விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனை வாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மேலே இறங்கும் முறைக்காக வட்டமிடுவது எல்லாம் இதில் அடக்கம். பறக்கும் நேரத்தோடு 45 நிமிடமாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலை 11 மணிக்குப் புறப்பட்டுப் பகல் 2 மணிக்கு நியூயார்க் என்கிறார்களே, மூன்றே மணி நேரமா?

பதில்: இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் 5 மணி நேரம் பின்தங்கியது; 3 + 5 = 8. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னே தள்ளுகின்றன. இலையுதிர் காலத்தில் பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு பழைய நேரத்துக்குத் திரும்புகின்றன. இந்த இடைவெளிகளில் வித்தியாசம் 4 மணிதான். டிக்கெட்டில் உள்ளூர் நேரமே இருப்பதால் விமானம் தவறாது; லண்டன் கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்டு நியூயார்க்கில் அழைத்துப்போக வருபவர்தான் ஒரு மணி நேரம் முன்பின்னாக வந்து நிற்பார்.

கேள்வி: 2020இல் ஒரு பயணிகள் விமானம் ஒலியைவிட வேகமாகப் பறந்ததாமே?

பதில்: இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது உண்மை. ஆனால் சுற்றியிருந்த காற்றைப் பொறுத்து அது வழக்கமான, ஒலிக்குக் குறைந்த வேகத்திலேயே பறந்தது. ஒலித்தடையைத் தாண்டினோமா என்பதை அந்த வேகம்தான் தீர்மானிக்கும்.