எலுமிச்சை மஞ்சளித்தால் ஜிப்சம் போடலாமா? மண்ணின் கார அமில நிலை: கேள்வி-பதில்

சங்கரன்கோவில் பக்கம் எலுமிச்சை வைத்திருக்கிறேன். கொழுந்து இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மண் பரிசோதனையில் பி.எச். (கார அமில அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழ் அமிலம்) 8.3. ஜிப்சம் போடலாமா?

வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்தால் உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருப்பதாகத்தான் தோன்றுகிறது. உறுதி செய்ய, ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றிக் காதருகே பிடியுங்கள். சுர்ரென்று நுரைத்தால் அதுவேதான். உழும்போது சுக்கான் கல்லும் (சுண்ணாம்புக் கட்டி) அகப்படும். ஜிப்சம், சோடியம் ஏறிக் கெட்ட களர் நிலத்துக்கான மருந்து. சுண்ணாம்பு மண்ணின் பி.எச்.சை அது இறக்காது. கந்தகத்தூள் இட்டால் அமிலம் உண்டாகும் என்பது உண்மை. ஆனால் உண்டாகிற அமிலத்தை எல்லாம் சுண்ணாம்பு விழுங்கிவிடும். பி.எச். ஒரு புள்ளி நகர்ந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறுகிறது என்று பொருள். ஏக்கர் கணக்கான நிலத்தை 8.3இலிருந்து 6.5க்கு இறக்க முயல்வது பணத்தைக் கிணற்றில் போடுவதுதான்.

மரத்துக்கு இப்போது வேண்டியது இரும்பு. மண்ணில் அது இருந்தும் இந்தக் காரத்தில் கரையாமல் கிடக்கிறது. அதனால் இலை வழியாகக் கொடுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் இரும்பு சல்பேட், 10 கிராம் சிட்ரிக் அமிலம். வெயில் தாழ்ந்த பிறகு கொழுந்து நனையத் தெளியுங்கள். இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை. பழைய இலை தேறவில்லையே என்று கவலைப்படாதீர்கள், அடுத்த துளிரைப் பாருங்கள். தூரில் தண்ணீர் தேங்க விடவே கூடாது. சுண்ணாம்பு மண்ணில் நீர் தேங்கினால் மஞ்சளிப்பு இன்னும் முற்றும். மட்கிய தொழுவுரத்தை ஆண்டுதோறும் வையுங்கள்.

சேரன்மகாதேவியில் நெல் வயல். பி.எச். 5.8 என்கிறார்கள். பிசான நெல் பருவத்துக்கு முன் சுண்ணாம்பு இட வேண்டுமா?

நெல்லுக்கு மட்டும் என்றால் வேண்டாம். தண்ணீர் கட்டிய சில வாரங்களில் அமில மண்ணின் பி.எச். தானாக ஏறி நடுநிலையை நெருங்கும். கார மண்ணிலோ இறங்கும். காய்ந்த மண்ணில் எடுத்த எண்ணை நடவு வயலுக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

திசையன்விளை அருகே தோட்டத்தில் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இது களரா?

உவராக, அதாவது உப்பு ஏறிய மண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். களர் மண் நனைந்தால் வழவழவென்று குழைந்து, காய்ந்தால் கல்லாக இறுகும், பி.எச். 8.5க்கு மேல் நிற்கும். உவரில் பி.எச். அதைவிடக் குறைவு, ஆனால் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சுக்கு மேல் போகும். ஆகவே மண் பரிசோதனையில் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்; கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். களர் என்றால் ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் கட்டி, வடிக்க வேண்டும். பிறகு பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். உவருக்கு ஜிப்சம் வீண் செலவு. மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடிப்பதுதான் வழி. கிணறே உப்பாக இருந்தால் அந்த நீருக்குத் தாங்குகிற பயிரைத் தேர்ந்தெடுங்கள்.

பாளையங்கோட்டையில் மாடித்தோட்டம். வாங்கும்போது நன்றாக இருந்த மண்கலவை ஒரே வருடத்தில் பி.எச். 8ஐத் தாண்டிவிட்டது. ஏன்?

ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா பாருங்கள். அந்த நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் ஒவ்வொரு ஊற்றுக்கும் பி.எச்.சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். அடுப்புச் சாம்பல் போட்டு வந்தால் அதையும் நிறுத்துங்கள், அதுவும் காரம். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். பையில் பாதி மண்ணை மாற்றிப் புதிய தொழுவுரமும் தென்னை நார்க்கழிவும் சேர்த்தால் போதும், காய்கறி வரும்.

மாஞ்சோலை மலைத் தேயிலை கீழே சமவெளியில், நாங்குநேரியில் வருமா?

வராது. தேயிலை கேட்பது 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண்ணும் மலை மழையும்.

மண் மாதிரி எப்படி எடுப்பது?

இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குழி இருந்த இடம், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிருங்கள். உரம் போட்ட கையோடு எடுக்காதீர்கள். மேலே கிடக்கும் சருகை விலக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுங்கள். நெல்லுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம், வாழைக்கு இன்னும் ஆழமாக. எலுமிச்சைக்கு ஓர் அடி, இரண்டடி, மூன்றடி என்று மூன்று மாதிரிகள் தனித்தனியாக வேண்டும். சுக்கான் அடியில்தான் ஒளிந்திருக்கும். வயலில் பல இடங்களில் எடுத்ததைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இதைச் செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொடுங்கள். செவ்வலும் கரிசலும் ஒரே தோட்டத்தில் இருந்தால் இரண்டையும் கலக்காதீர்கள், தனித்தனிப் பையில் கொடுங்கள்.