டேம்பர் அசையவில்லை, புகை மட்டும் தாராளமாக வருகிறது

ஆண்டுக் கடைசி மழை தொடங்கினால் கேமரன் மலை வாசகர்களிடமிருந்து கணப்புக் கேள்விகள் வந்துவிடும். கீழே தாப்பாவில் காற்றாடியைப் போட்டுக்கொண்டு இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும் ஊரில் பழைய துரை பங்களாவை வாடகைக்கு எடுத்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு.

கேள்வி: அண்ணே, தோட்டத்துப் பழைய பங்களாவை எடுத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கணப்புக்குள் இருக்கும் டேம்பரின் (புகைபோக்கியைத் திறந்து மூடும் தட்டு) பிடி அசையவே இல்லை. கொத்தனார் சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டுமா என்கிறார். (வாசகி, ரிங்லெட்)

பதில்: சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்லுங்கம்மா. பழைய டேம்பர் தட்டு பெரும்பாலும் வார்ப்பிரும்பு, அடித்தால் வளையாது, விரிசல் விட்டுவிடும், அப்புறம் அதே அளவில் வேறு தட்டு கிடைப்பது குதிரைக் கொம்பு.

சாம்பல் முழுக்க ஆறியிருக்கும் நாளில் கணப்புக்குள் தலையை விட்டு டார்ச் அடித்து மேலே பாருங்கள் (மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நாற்காலி சோபாவையெல்லாம் பழைய துணியால் மூடிவிட்டு). தட்டுக்குப் பின்னால் ஒரு திட்டு இருக்கும். மேலிருந்து விழும் கரி, உதிர்ந்த சுண்ணாம்பு, பறவைக் கூட்டின் குச்சி எல்லாம் அங்கேதான் சேரும். பல வீடுகளில் டேம்பர் கெட்டே போயிருக்காது, இந்தக் குப்பை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருக்கும். கையால் அள்ளி எடுத்தாலே தட்டு இறங்கிவிடும்.

குப்பை இல்லை, துருதான் என்றால் கம்பிப் பிரஷால் கீல் பக்கம் நன்றாகத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் பிடியைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்டி ஆட்டித்தான் இளக்க வேண்டும். அந்த ஸ்பிரே தீப்பற்றும், அதனால் மிச்சத்தைத் துடைத்து, வாடை போகும்வரை நெருப்பு மூட்டாதீர்கள். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சூட்டில் பிசினாகி முன்னைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும். பிடி லொடலொடவென்று சுற்றுகிறது, தட்டு மட்டும் நகரவில்லை என்றால் இரண்டையும் இணைக்கும் ஊசி கழன்றிருக்கும். அது சின்ன வேலை. தட்டே கோணிப்போயிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, புகைபோக்கியின் உச்சியில் மாட்டிக் கீழிருந்து கம்பியால் இழுத்துத் திறக்கும் வகை டேம்பர் ஒன்று உண்டு, அதை யோசிக்கலாம்.

ஆனால் துரு ஏன் பிடித்தது என்று பார்க்காமல் விட்டால் அடுத்த மழைக்கு இதே கேள்வியை மறுபடி அனுப்புவீர்கள். உச்சியில் மூடி இருக்கிறதா? நம் மழைக்கு மூடியில்லாத புகைபோக்கி நேராகத் தண்ணீர் இறங்கும் குழாய்தான். சுற்றிலும் கம்பி வலை வைத்த மூடியாகப் போடுங்கள், பறவையும் வராது.

கேள்வி: டேம்பர் முழுசாகத் திறந்திருக்கிறது. இருந்தும் மூட்டியவுடன் ஹால் முழுக்கப் புகை. புகைபோக்கியை உயர்த்திக் கட்ட வேண்டுமா? (வாசகர், தானா ராத்தா)

பதில்: காசைச் செலவழிக்கும் முன் ஒரு ஜன்னலைத் திறந்து பாருங்கள் ஐயா. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, சமையலறையில் புகை இழுக்கும் விசிறியையும் ஓடவிட்டால், வீட்டுக்குள் வேண்டிய காற்று புகைபோக்கி வழியாகத்தான் இறங்கும், கூடவே புகையும். விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வையுங்கள். நாள் கணக்கில் மூட்டாத கணப்பில் குளிர்ந்த காற்று கனத்துக் குழாயை அடைத்து நிற்கும். முதலில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, டேம்பர் வாய்க்கு நேராகக் கொஞ்ச நேரம் பிடித்தால் குழாய் சூடாகி இழுக்கத் தொடங்கும்.

அடுத்தது விறகு. நேற்று வெட்டிய மரத்தை இன்று எரித்தால் புகையாமல் என்ன செய்யும்? விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றும் படும்படி அடுக்கி, குறைந்தது ஆறு மாதம் காயவிட வேண்டும். இந்த மலைச் சாரலில் இன்னும் கூடுதலாகவே பிடிக்கும். ஈர விறகின் புகை புகைபோக்கியின் குளிர்ந்த உட்சுவரில் பட்டு, தார் மாதிரி கறுப்பாகப் படியும். அதற்குக் கிரியோசோட் என்று பெயர், அது தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும். படிவு 3 மில்லிமீட்டர் வந்துவிட்டால் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை யாரையாவது ஏற்றிப் பார்க்கவும் வேண்டும். மேலே குமுகுமுவென்று இரைச்சல் கேட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் குழாய் வெடிக்கும். எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு 999-ஐ அழைத்து பொம்பாவை (தீயணைப்புப் படையை) கூப்பிடுங்கள்.

இதெல்லாம் சரி, இன்னும் புகைகிறது என்றால் உயரத்தை அளக்கலாம். கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடியாவது இருக்க வேண்டும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எந்தக் கூரையையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். புதிதாக மாடி எடுத்த வீடுகளில் இது அடிபட்டுப் போகிறது.

கேள்வி: தீ அடங்கியதும் டேம்பரை மூடிவிட்டால் சூடு நிற்குமே, செய்யலாமா? பார்பிக்யூ கரியைக் கணப்பில் போடலாமா? (வாசகர், பிரிஞ்சாங்)

பதில்: இரண்டும் கூடாது. தணல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, தலைவலியும் மயக்கமும் வரும்போது எழுந்து போகத் தெம்பு இருக்காது. சாம்பல் கைக்குக் குளிர்ந்த பிறகுதான் மூட வேண்டும். கரி விறகைவிட அதிகமாக அந்த வாயுவை விடும், வெளியே வைத்துச் சுடுங்கள். விருந்தாளிகள் தங்கும் வீடு என்றால் அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் கணப்பு மூட்டுவதே இல்லை. மழை நாளில் ஒரு கரி வாடை வருகிறது. சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா? (வாசகி, ரிங்லெட்)

பதில்: முதலில் கரியைச் சுரண்டி எடுங்கள், ஈரம் பட்டால் வாடை அடிப்பது அதுதான். உச்சியில் மூடி போடுங்கள். அடைப்பதென்றால் மேலேயும் கீழேயும் சின்னக் காற்றுத்துளை விட்டு அடைக்கச் சொல்லுங்கள், முழுக்க அடைத்தால் உள்ளே ஈரம் தங்கிச் சுவர் பூத்துவிடும். அடைத்த விஷயத்தைப் பங்களாவுக்கு அடுத்து வருபவருக்கும் சொல்லிவிடுங்கள், அவர் தெரியாமல் நெருப்பு மூட்டிவிடப் போகிறார்.