அக்கி எழுதலாமா, மாத்திரை போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை நோய் உண்டு. நான்கு நாளாக வலது விலாப்பக்கம் எரிச்சலும் குத்தலுமாக இருந்தது. வாயு என்று நினைத்தோம். அப்புறம் பயந்துபோய் ஈசிஜி எடுத்தோம், ஒன்றும் இல்லை. நேற்றுக் காலை அதே இடம் சிவந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருக்கிறது. அக்கி என்கிறார்கள். பக்கத்துத் தெரு வேளாரிடம் அழைத்துப்போய் எழுதச் சொல்கிறார் பெரியம்மா. எழுதலாமா? வீட்டில் என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவருக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்க வேண்டும். நேற்றுக் காலை என்றால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இன்றைக்கே அம்மாவை ஒரு தோல் மருத்துவரிடமோ, வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

முதலில் வலி, சில நாள் கழித்துக் கொப்புளம், அதுவும் உடம்பின் ஒரே பக்கத்தில். நீங்கள் சொல்லும் இந்த வரிசை அக்கிக்கே உரியது. சின்ன வயதில் அம்மாவுக்குச் சின்னம்மை போட்டிருக்கும். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் போய் முடங்கிக் கிடக்கிறது, ஐம்பது அறுபது வருஷம்கூட. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதோ ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வருகிறது. வரும் வழியில் நரம்பைப் புண்ணாக்குவதால்தான் தோலில் எதுவும் தெரிவதற்கு முன்பே வலிக்கிறது. நெஞ்சில் என்றால் மாரடைப்போ, வயிற்றில் என்றால் கல்லோ என்று அலைந்துவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈசிஜி எடுத்ததில் தப்பில்லை.

இதைக் கோவையாக விளக்கியவர் பெரிய ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானி அல்ல. எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற இங்கிலாந்துக் குடும்ப மருத்துவர், தன்னிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டு குறித்து வைத்துப் பார்த்து, 1965இல் எழுதினார்.

ஒவ்வொரு நரம்பும் உடம்பின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொள்கிறது. அதனால் கொப்புளம் முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி வந்து நடுக்கோட்டில் நின்றுவிடும். இரண்டு முனையும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று யாராவது சொன்னால் அம்மா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எழுதுவது. காவியைக் குழைத்துக் கோடு போடுவதில் குளிர்ச்சி உண்டு, எரிச்சல் கொஞ்சம் அடங்கும். ஆனால் அக்கிக் கொப்புளம் எதுவுமே செய்யாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும், அந்தப் பெயர் எழுதியவருக்குப் போய்விடுகிறது. இன்னொன்று, மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் ஒருவகைப் பூச்சி தோலில் நசுங்கினால், கோடு போட்டாற்போல எரிச்சலோடு கொப்புளம் வரும். அதையும் அக்கி என்றே சொல்லி எழுதிக்கொண்டு வருகிறார்கள், அது ஒரு வாரம் பத்து நாளில் தானாக ஆறிவிடும். வேளார் மேல் எனக்கு வருத்தமில்லை. மூன்று நாள் எழுதிப் பார்த்துவிட்டு நான்காம் நாள் என்னிடம் வருவதில்தான் வருத்தம். பெரியம்மா மனம் நோக வேண்டாம் என்றால், மாத்திரை தொடங்கியபின் வேளாரிடம் போய் வாருங்கள். உடைந்த கொப்புளத்தில் மட்டும் மண், காவி எதுவும் படக்கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சீழ் பிடிக்க அது போதும்.

மருத்துவர் பெரும்பாலும் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, அல்லது வாலாசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை, ஏழு நாளைக்கு எழுதுவார். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து இது. அம்மாவுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்து நாளாகியிருந்தால் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யச் சொல்லுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். மருந்துக்கடையில் அதே பெயரில் களிம்பு கொடுத்தால் வாங்காதீர்கள், அக்கிக்கு அது உதவாது. ஸ்டீராய்டு களிம்பு கூடவே கூடாது. ஈரத்துணி ஒற்றி எடுப்பது, கேலமைன் தடவுவது, தொளதொளப்பான பருத்தி உடை, இவை போதும். குளிக்கலாம். பத்தியம் எதுவும் தேவையில்லை.

மனைவி விஷயம். அக்கி அக்கியாக ஒட்டாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், அம்மையே வராதவருக்குச் சின்னம்மை வரலாம், கர்ப்பத்தில் அது நல்லதல்ல. உங்கள் மாமியாருக்கு ஒரு போன் போட்டு, மனைவிக்குச் சிறுவயதில் சின்னம்மை போட்டதா என்று கேளுங்கள். போட்டது என்றால் கவலையை விடுங்கள். இல்லை, ஞாபகமில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் போடுவதற்கு ஊசியும் உண்டு, அதற்கும் நாள் கணக்கு இருக்கிறது. எல்லாக் கொப்புளமும் பொருக்கு தட்டும்வரை, ஏழு முதல் பத்து நாள், அம்மாவின் புண்ணை மூடியே வையுங்கள். மருந்து தடவுவது, துணி துவைப்பது நீங்கள் செய்யுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: நெற்றியிலோ தலையிலோ அக்கி வந்தால் சீப்பு பட்டாலே உயிர் போகும். அப்போது மூக்கு நுனியைப் பாருங்கள். அங்கே ஒரு கொப்புளம் இருந்தாலும் கண்ணுக்கு இறங்கும் வாய்ப்பு அதிகம், அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காதில் வந்து வாய் கோணினாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த இடங்களில் 72 மணி தாண்டிவிட்டது என்று விட்டுவிடக்கூடாது, தாண்டினாலும் மருந்து உண்டு.

புண் ஆறியபின் அம்மா “இன்னும் எரியுதுடா, சேலை பட்டாலே தாங்கல” என்று சொன்னால் நம்புங்கள். தோல் ஆறினாலும் நரம்பு ஆற நாளாகும். சிலருக்கு, முக்கியமாக அறுபது தாண்டியவர்களுக்கு, மாதக்கணக்கில் நீடிக்கும். பாராசிட்டமால் இதற்கு அவ்வளவாகக் கேட்காது. கேபாபென்டின், ப்ரீகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் கேட்கும். எல்லாமே தூக்கமும் தள்ளாட்டமும் தருபவை என்பதால் இரவில் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவோம். முதல் சில நாள் ராத்திரி பாத்ரூம் போகும்போது யாராவது கூடப் போங்கள்.

50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அக்கித் தடுப்பூசி 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. விலைதான் கையைக் கடிக்கும். அம்மாவுக்கு இப்போது வேண்டாம், புண் முழுக்க ஆறியபிறகு பேசிக்கொள்ளலாம். அப்பாவுக்குப் போடலாமா என்று வேண்டுமானால் இன்றைக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.