சென்னை–கோவை: எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம்?

சென்னையிலிருந்து கோவைக்கு ஓரிடத்தில் 400 கிலோமீட்டர் என்கிறார்கள், இன்னோரிடத்தில் 500 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. வரைபடத்தில் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கும் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். ஏறத்தாழ 405 கிலோமீட்டர் வரும். அந்த நூல் திருவண்ணாமலையை ஒட்டிப் போய், அரூர், ஏற்காடு, பவானிப் பக்கமாகக் கோவையைத் தொடும். ஏற்காட்டைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலையை ரயில் ஏறிக் கடக்க முடியாது. அது வடக்கே ஒதுங்கி, காட்பாடி, ஜோலார்பேட்டை என்று சுற்றிச் சேலத்துக்கு வருவதால் 495ஐ ஒட்டி ஆகிறது. சாலைக்கும் கிட்டத்தட்ட 500தான்.

டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்றிருந்தது. விமானியோ 45 நிமிடத்தில் இறங்குவோம் என்றார்.

டிக்கெட்டில் இருப்பது, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், முறைக்காகக் காத்திருப்பதும் அதில் அடங்கும். விமானி சொன்னது வானில் இருக்கும் நேரத்தை மட்டும். ஏர்பஸ் 320 போன்ற ஜெட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். ஏடிஆர் 72 போன்ற சுழல்விசிறி விமானமாக இருந்தால் வானில் மட்டுமே ஒரு மணி நேரத்தை நெருங்கும்.

கோவை மேற்கே இருக்க, எங்கள் விமானம் கடலை நோக்கி ஏறியதே?

காற்றை எதிர்த்து ஏறினால்தான் இறக்கைக்குத் தூக்குவிசை விரைவில் கிடைக்கும். சென்னையின் முதன்மை ஓடுபாதைக்கு 07, 25 என்று இரு எண்கள். திசைகாட்டியில் 70 பாகை, 250 பாகை என்று பொருள். கடற்காற்று வீசும் நேரத்தில் 07 பக்கமாக, அதாவது கடலை நோக்கிக் கிளம்பி, பிறகு திரும்ப வேண்டும். அந்தச் சுற்றுக்குச் சில நிமிடங்கள் போகும். பயப்பட ஒன்றுமில்லை, பாதுகாப்புக்காகவே அந்தச் சுற்று.

ஜூலையில் போகும்போது கூடுதல் நேரம், திரும்பும்போது குறைவு. ஏன்?

தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் தரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உயரம் வரை மேற்கிலிருந்து பலமான காற்று வீசும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேக விமானத்துக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: போக 54 நிமிடம், வர 44. இன்னும் உயரத்தில், ஜெட்டுகள் பறக்கும் மட்டத்தில், இதே பருவத்தில் காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து வீசும். நம் வானத்தின் இந்த இரட்டைப் போக்கு எனக்கு என்றும் வியப்பு!

வந்தே பாரத்தா, விமானமா?

2023 ஏப்ரலில் தொடங்கிய அந்த ரயில் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கிறது. விமானத்துக்கு வீட்டிலிருந்து கணக்குப் போடுங்கள். செக்-இன் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். அதற்குமுன் நகர நெரிசல், இறங்கியபின் பெட்டிக்கான காத்திருப்பு. சென்ட்ரல் அருகே வீடு இருந்தால் ரயிலையே சொல்வேன். தாம்பரம், குரோம்பேட்டைக்காரர்களுக்கு விமானம்தான் லாபம்.

எந்த ஜன்னல் நல்லது?

கோவைக்குப் போகும்போது வலப்பக்கம். ஏர்பஸ்ஸில் எஃப் இருக்கை. இறங்கும் நேரத்தில் வானம் தெளிவாக இருந்தால் நீலகிரி தெரியும்.